வழியில் இருப்பதாக எழுதிய சரக்கு

ஜனவரி 12

சிஸ்டரம்மாவுக்கு,

ஊரே உன்னை சிஸ்டர் என்றுதான் கூப்பிடுகிறது. கட்டினவன் கூப்பிட்டால் மட்டும் முறைக்கிறாய். முறைத்துக்கொள். இங்கே என் உடம்புக்கு ஒன்றுமில்லை. அங்கே உன் கோபம் எந்த மட்டில் இருக்கிறது என்றுதான் தெரியவில்லை. ஏழு தடவை போன் செய்தேன். கடைசியில் பாப்பா எடுத்து, "அம்மா உங்ககிட்ட போன்ல பேச மாட்டாங்களாம். ஏதாச்சும் சொல்லணும்னா தேதி போட்டு, கையெழுத்துப் போட்டு எழுதணுமாம்" என்றாள். பன்னிரண்டு வயசுப் பிள்ளை, வக்கீல் நோட்டீஸ் வாசிக்கிற மாதிரி வாசித்துவிட்டு வைத்துவிட்டாள். சரி, எழுதுகிறேன்.

சொல்லாமல் கிளம்பி வந்தது தப்புதான். சொல்லியிருந்தால் விட்டிருப்பாயா? பதினாறு வருஷம் லாரி ஓட்டியவனுக்கு இடது கண் சரியில்லை என்று லைசென்ஸைப் புதுப்பிக்க மறுத்துவிட்டார்கள். நீ உன் ஆஸ்பத்திரியில் பேசி வாசலில் செக்யூரிட்டி வேலை பார்த்துவைத்தாய். உன் நல்ல மனசு எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் காலையில் நீ டியூட்டிக்கு உள்ளே போகும்போது நான் எழுந்து நின்று கதவைத் திறந்துவிடுவதை நினைத்துப் பார்த்தேன். வெட்கமாக இருந்தது. உன் முகத்துக்கு நேரே சொல்லியிருக்க வேண்டும். வாய் வரவில்லை.

இங்கே பதினெட்டு மாதம் பயிற்சி. மருந்தும் ஆஸ்பத்திரிச் சாமானும் வைத்து அனுப்புகிற பெரிய குடோன். வேலையின் பேர் சப்ளை செயின். பேரைக் கேட்டுப் பயந்துவிடாதே. ஒரு பொருள் தயாராகிற இடத்திலிருந்து வேண்டியவர் கைக்குப் போய்ச் சேருகிறவரை, அது எங்கே இருக்கிறது, எப்போது போய்ச் சேரும் என்று பார்த்துக்கொள்கிற வேலை. முதல் மூன்று மாதம் லாரியிலிருந்து சரக்கு இறக்குமிடம். பிறகு திட்டப் பிரிவு. ஆறாம் மாதம் ஒரு தேர்வு. அதில் தேறினால்தான் மேற்கொண்டு பயிற்சி, முடித்தால் நிரந்தர வேலை.

என்னோடு சேர்ந்த பதினொரு பேரும் இருபது, இருபத்தொன்று. எனக்குப் பெரிய அப்ரண்டிஸ் என்று பட்டம் கொடுத்துவிட்டார்கள். எங்களுக்குச் சொல்லித்தருகிற பிளானர் மேடத்துக்கே இருபத்தாறு வயசுதான். நேற்று ஸ்கேனரைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு என் கண்ணுக்கே வெளிச்சம் அடித்துக்கொண்டேன். "அங்கிள், பெட்டியை ஸ்கேன் பண்ணுங்க, உங்களை இல்ல" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அறைக்கு வந்தபிறகு சிரிப்பு வரவில்லை. படுக்கிறேன், எழுகிறேன், ஜன்னலுக்கும் கதவுக்கும் நடக்கிறேன். ஸ்டியரிங் பிடித்த கைக்கு வேறு என்ன வேலை தருவது என்றே தெரியவில்லை.

பதில் போடு. திட்டியாவது போடு.

பெரிய அப்ரண்டிஸ்


ஜனவரி 20

பாப்பாவின் அப்பாவுக்கு,

கடிதம் கிடைத்தது. திட்டச் சொன்னதால் திட்டப்போவதில்லை. அந்தச் சந்தோஷத்தை உங்களுக்குத் தருவதாக இல்லை.

பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தபிறகு போனில் சொன்னீர்கள். "ஒரு பயிற்சி இருக்கு, போயிட்டு வந்துடுறேன்" என்று. பதினெட்டு மாதம் என்பதை மூன்றாம் நாள் உங்கள் தம்பி சொல்லித் தெரிந்துகொண்டேன். வாசலில் செக்யூரிட்டியாக நிற்பது வெட்கம் என்கிறீர்கள். அந்த வேலைக்காக நான் மேட்ரனிடம் நான்கு தடவை நின்றேன். வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த நாலாவது தடவையாவது மிச்சமாகியிருக்கும்.

ஏன் போனில் பேசுவதில்லை என்று கேட்பீர்கள். பதினாறு வருஷமாக நீங்கள் போனில் சொன்னது ஒரே வாக்கியம். "வந்துட்டே இருக்கேன்." பாப்பா பிறந்த அன்று பிரசவ அறைக்கு வெளியே அம்மா போனைப் பிடித்துக்கொண்டு நின்றார். "வந்துட்டே இருக்கேன் அத்தை" என்றீர்கள். அந்த நேரம் உங்கள் லாரி ஜாக்கியில் நின்றது, நீங்கள் பஞ்சர் கடையில் டீ குடித்துக்கொண்டு இருந்தீர்கள். நீங்களே பிறகு சிரித்துக்கொண்டு சொன்ன கதைதான். எனக்கு அன்று சிரிப்பு வரவில்லை, இன்றும் வரவில்லை.

ஆனால் எழுத்தில் உங்களுக்குப் பொய் வராது. கல்யாணத்துக்கு முன்னால் எழுதிய இரண்டே கடிதத்தில், "எனக்குக் குறட்டை உண்டு, முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்" என்று எழுதிய ஆள் நீங்கள். அந்த ஆளோடு மட்டும்தான் பேச்சு. தேதியும் கையெழுத்தும் கட்டாயம்.

பாப்பா நன்றாக இருக்கிறாள். கண்ணுக்குச் சொட்டு மருந்து போடுகிறீர்களா?

பாப்பாவின் அம்மா


ஏப்ரல் 8

சிஸ்டரம்மாவுக்கு,

சொட்டு மருந்து போடுகிறேன். சில நாள் மறந்துபோகிறது. (எழுத்தில் பொய் வராது என்று நீ எழுதியதிலிருந்து இதுகூட மறைக்க முடியவில்லை. நல்லா மாட்டிவிட்டாய்.)

திட்டப் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். நாள் முழுக்க நாற்காலி. திரையில் முந்நூறு ஆஸ்பத்திரி. எந்த ஆஸ்பத்திரியில் எந்தச் சாமான் குறைகிறதோ அந்த வரி சிவப்பாகிவிடும். சரக்கு கிளம்பிவிட்டால் 'வழியில்' என்று எழுதுவோம், உடனே பச்சையாகிவிடும். சிவப்பாகவே இருந்தால் மேடம் வேறு குடோனைக் கூப்பிட்டு அங்கிருந்து அனுப்பச் சொல்வார். இவ்வளவுதான் வித்தை. ஆனால் ஒரு சட்டம். தொழிற்சாலை வாசலை லாரி தாண்டும்போது தருகிற கேட் பாஸ் எண் இருந்தால்தான் 'வழியில்' என்று எழுதலாம். "டிரைவர் சொன்னார், மேனேஜர் சொன்னார், கடவுளே வந்து சொன்னார்னாலும் எழுதக் கூடாது. புறப்பட்டாத்தான் வழி" என்பார் மேடம். வகுப்பில் எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். டிரைவர் வர்க்கத்துக்கே நான் ஒருவன்தானே பிரதிநிதி.

இன்னொன்று கேள். அந்த முந்நூறில் உன் ஆஸ்பத்திரியும் இருக்கிறது! டயாலிசிஸ் பிரிவு என்று தனி வரி. ஊசி, குழாய், ரத்தம் வடிகட்டுகிற ஃபில்டர், எல்லாம் இங்கிருந்துதான் வருகிறதாம். காலையில் வந்ததும் முதலில் அந்த வரியைத்தான் பார்க்கிறேன். பச்சையாக இருந்தால் நீ நிம்மதியாக வேலை பார்க்கிறாய் என்று அர்த்தம். அதைப் பார்த்துவிட்டுத்தான் டீ.

தேர்வு ஜூன் இருபது. அதுவரை நாங்கள் எழுதுகிற பதிவெல்லாம் மேடத்தின் பேரில்தான் ஏறும். எங்களுக்கென்று தனி லாகின் கிடையாது. தேறினால்தான் என் பேர் திரையில் வரும். அதற்காகவே படிக்கிறேன். நாற்பத்தொரு வயசில் பாஸ் ஃபெயில் பயம் வந்துவிட்டது.

பெரிய அப்ரண்டிஸ்


ஏப்ரல் 22

பாப்பாவின் அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். பாப்பா மூன்று தடவை படித்தாள். 'அப்பா நம்ம ஆஸ்பத்திரியைத் திரையில் பார்க்கிறார்' என்று பள்ளிக்கூடத்தில் சொல்லியிருக்கிறாள். என்னவோ நீங்களே ஆஸ்பத்திரியை நடத்துகிற மாதிரி.

எங்களிடம் ஆறு மிஷின். ஒரு நாளைக்குப் பதினெட்டுப் பேர். ஒவ்வொருவரும் நாலு மணி நேரம் படுத்திருக்க வேண்டும், வாரத்தில் மூன்று நாள். ஒருநாள் தவறினாலும் உடம்பில் தண்ணீர் ஏறிவிடும். மூன்றாம் கட்டிலில் ஒரு டெய்லர் வருகிறார். ஐம்பது வயசிருக்கும். வாய் சும்மா இருக்காது. என் யூனிபார்மைப் பார்த்து, "சிஸ்டர், இது எவன் தச்சது? தோள்பட்டைய பாருங்க, ரெண்டு பேர் குடியிருக்கலாம்" என்பார். ஊசி மட்டும் நான்தான் குத்த வேண்டுமாம். மற்றவர்கள் குத்தினால் முரட்டுத் துணியில் ஊசி விடுகிற மாதிரி இருக்கிறதாம். நீங்கள் இங்கே ஃபில்டர் அனுப்புகிறீர்கள் என்று அவரிடம் சொன்னேன். "அப்ப என் உசிரு உங்க வீட்டுக்காரர் கையிலன்னு சொல்லுங்க" என்று சிரித்தார்.

நீங்கள் அங்கே உட்கார்ந்திருப்பது எனக்கு இப்போது அவ்வளவு கசக்கவில்லை. இதைப் படித்துவிட்டுத் தலைகால் தெரியாமல் ஆடவேண்டாம். தேர்வுக்குப் படியுங்கள். சொட்டு மருந்து ஒருநாளும் மறக்கக் கூடாது.

பாப்பாவின் அம்மா


மே 6

சிஸ்டரம்மாவுக்கு,

தலைகால் தெரியாமல்தான் ஆடுகிறேன். என்ன செய்வாய்?

நேற்று உனக்காக ஒரு காரியம் செய்தேன். காலையில் வந்து பார்க்கிறேன், உன் டயாலிசிஸ் வரி சிவப்பு. ஃபில்டர் தீரப்போகிறது. தொழிற்சாலையிலிருந்து வர வேண்டிய லாரியை யார் ஓட்டுகிறான் என்று பார்த்தால், நம்ம ஹாரன்! ஞாபகம் இருக்கிறதா, நம் கல்யாணத்துக்கு மண்டப வாசல்வரை ஹாரன் அடித்துக்கொண்டே வந்தானே, அவனேதான். போன் போட்டேன். "வந்துட்டே இருக்கேன் மச்சான், டோல்கேட் தாண்டியாச்சு" என்றான். கேட் பாஸ் எண் கேட்டேன். சீட்டு சட்டைப் பையில் இருக்கிறது, வண்டி ஓட்டிக்கொண்டு எப்படி எடுப்பது என்றான். அதுவும் நியாயம்தானே. அந்தக் கட்டத்தை நிரப்பாமல் பதிவு ஏறாது. மேடம் மீட்டிங்கில் இருந்தார். ஹாரனுடைய போன வாரத்துக் கேட் பாஸ் எண்ணை இப்போதைக்குப் போட்டுவைத்தேன். அவன் வந்து இறங்கியதும் சரியான எண்ணை மாற்றிவிட்டால் போயிற்று. மேடத்திடம் கேட் பாஸ் வந்துவிட்டது என்று சொல்லிவிட்டேன்.

அடுத்த நிமிஷம் உன் வரி பச்சை! நாளைக்கே சரக்கு உன் கைக்கு வந்துவிடும். உன் பெயர் பக்கத்தில் சிவப்பு நிற்பதை என்னால் பார்க்க முடியவில்லை, அவ்வளவுதான். ஒரு பாராட்டாவது எழுது.

பெரிய அப்ரண்டிஸ்


மே 12

பாப்பாவின் அப்பாவுக்கு,

உங்கள் குடோனில் எந்த முட்டாள் எங்கள் வரியைப் பார்த்துக்கொள்கிறான்? எனக்கு அவன் பேர் வேண்டும். கண்டுபிடித்து எழுதுங்கள்.

ஏழாம் தேதி ஃபில்டர் வரும் என்று எங்கள் ஸ்டோர் திரையில் இருந்தது. 'வழியில்' என்று தெளிவாகப் போட்டிருந்தது. அதை நம்பித்தான் பக்கத்து ஆஸ்பத்திரியில் கைமாற்றுகூட வாங்காமல் இருந்தோம். ஏழாம் தேதி வரவில்லை. எட்டு வரவில்லை. எட்டாம் தேதி மத்தியானம் கடைசி ஃபில்டரும் தீர்ந்துவிட்டது. ஏழு பேர் பாக்கி, டெய்லரும் அதில் ஒருவர். நான்தான் அவர்கள் முன்னால் நின்று, "சரக்கு வழியில இருக்கு, நாளைக்கு வந்துடும், இன்னிக்கு வீட்டுக்குப் போங்க, தண்ணி அதிகம் குடிக்காதீங்க" என்று சொன்னேன். என் வாயால் சொன்னேன். அவர்கள் என்னை நம்பிப் போனார்கள்.

ஒன்பதும் வரவில்லை. பக்கத்து ஆஸ்பத்திரியிலிருந்து ஐந்து வாங்கிவர ஒருநாள் ஆகிவிட்டது. பத்தாம் தேதி காலையில் டெய்லரை நாலு பேர் நாற்காலியோடு தூக்கிக்கொண்டு வந்தார்கள். நுரையீரலில் தண்ணீர். உதடு நீலமாகி, மூச்சுக்கு அடித்துக்கொண்டார். என் கையைப் பிடித்த பிடியில் இன்னும் நகத்தடம் இருக்கிறது. தொண்டையில் குழாய் போட்டு மூச்சு மிஷினில் வைத்திருக்கிறார்கள். பிழைப்பாரா என்று டாக்டர் சொல்லவில்லை.

உங்கள் லாரி நேற்றுத்தான் வந்தது. அந்த டிரைவர் ஒன்பதாம் தேதிதான் சரக்கையே ஏற்றினானாம். அதுவரை கிளட்ச் வேலைக்கு வண்டி பட்டறையில் நின்றதாம். பட்டறையில் நிற்கிற வண்டியை 'வழியில்' என்று எழுதியது யார்? எங்கள் மேட்ரன் புகார் எழுதிவிட்டார். நானும் கையெழுத்துப் போட்டேன். அந்த ஆளை நேரில் பார்த்தால் என்ன செய்வேன் என்று எனக்கே தெரியவில்லை.

பாப்பாவின் அம்மா


மே 13

உங்கள் ஆறாம் தேதிக் கடிதம் இன்று மத்தியானம் வந்தது. தபால்காரர் கையில் கொடுத்துவிட்டுப் போனார். வாசலிலேயே நின்று படித்தேன்.

இதற்கு மேல் எழுத முடியவில்லை.


மே 28

என் கண்ணுக்கு,

பத்து நாளாகக் காகிதத்தை எடுப்பதும் மடித்து வைப்பதுமாக இருக்கிறேன். உன் இரண்டு கடிதமும் ஒரே நாளில் வந்து சேர்ந்தன. டெய்லர் எப்படி இருக்கிறார்? இதை முதலில் கேட்க வேண்டும் என்றுதான் எடுத்தேன். கேட்க எனக்கு முகம் இல்லை. ஆனாலும் எழுது.

ஹாரனைப் போனில் பிடித்து வாய்க்கு வந்தபடி திட்டினேன். "நீ மட்டும் என்ன யோக்கியமா? நாம எல்லாரும் சொல்றதுதானே மச்சான்!" என்றான். போனை வைத்துவிட்டேன். அவன்மேல் கோபப்பட எனக்கு என்ன இருக்கிறது?

இங்கே விசாரணை நடக்கிறது. பதிவு மேடத்தின் பேரில் இருப்பதால் அவருக்கு விளக்கம் கேட்டு நோட்டீஸ் கொடுத்துவிட்டார்கள். அவர் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. "என் லாகின், என் பொறுப்பு" என்று மட்டும் சொன்னாராம். போலி எண்ணை அவர் கண்டுபிடிக்கவில்லை. தொழிற்சாலைதான் தப்பான கேட் பாஸ் தந்துவிட்டது என்று நினைத்து அவர்களோடு தினமும் சண்டை போடுகிறார். அவர்கள் இல்லவே இல்லை என்று சத்தியம் செய்கிறார்கள். நான் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஒருநாள் அவரே எனக்கு டீ வாங்கிவந்து, "பயப்படாதீங்க அங்கிள், உங்க தப்பு இல்ல" என்றார். அந்த டீயையும் வாங்கிக் குடித்தேன்.

சொல்லிவிடுவேன். நிச்சயம் சொல்லிவிடுவேன். தேர்வு மட்டும் முடியட்டும். இருபதாம் தேதி தேர்வு, இருபத்தொன்றாம் தேதி நானே போய்ச் சொல்கிறேன். தேறிவிட்டால் கொஞ்சம் கருணை காட்டுவார்கள். இப்போது சொன்னால் மறுநாளே பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். இந்த வயசில், இந்தக் கண்ணோடு, எனக்கு வேறு என்ன இருக்கிறது?

என் கடிதத்தை என்ன செய்தாய்?

பெரிய அப்ரண்டிஸ்


ஜூன் 3

பாப்பாவின் அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை அடுப்பு வரைக்கும் கொண்டுபோனேன். ஒளிப்பானேன். தீயையும் பற்றவைத்தேன். உங்கள் கையெழுத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு அடுப்பை அணைத்துவிட்டேன். கடிதம் என் பெட்டியில் துணிக்கு அடியில் இருக்கிறது. அதை மேட்ரனிடம் காட்டமாட்டேன். போலீஸிடமும் காட்டமாட்டேன். உங்களைக் காட்டிக்கொடுக்க எனக்கு மனசு வராது, அது உங்களுக்கே தெரியும். ஆனால் காட்டாமல் வைத்திருப்பதால் தினமும் நான் செத்துச் செத்துப் பிழைக்கிறேன். வார்டில் நடந்தால் எல்லோரும் என் முதுகையே பார்ப்பது போல இருக்கிறது.

டெய்லருக்குக் குழாயை எடுத்துவிட்டார்கள். பிழைத்துவிட்டார். தொண்டை புண்ணாகிச் சத்தம் வரவில்லை, காற்றுதான் வருகிறது. தையல் மிஷினை மிதிக்கக் காலில் தெம்பில்லை. அவர் மனைவி என்னிடம் வந்து, "நீங்க இல்லைன்னா இவரு இல்லீங்க சிஸ்டர்" என்று கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நான் என்ன சொல்வேன்? சொல்லுங்கள், நான் என்ன சொல்ல வேண்டும்?

தேர்வு முடியட்டும், பிறகு சொல்கிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். இருபத்தொன்றாம் தேதி வந்தால், நிரந்தர வேலை கிடைக்கட்டும் என்பீர்கள். நான் உங்களைப் பதினாறு வருஷமாகப் பார்க்கிறேன். அந்தப் பெண் உங்களுக்கு டீ வாங்கித் தருகிறாளாம், நீங்கள் குடிக்கிறீர்களாம். இருபத்தாறு வயசுப் பிள்ளை. நம் பாப்பா இன்னும் பதினாலு வருஷத்தில் அப்படி ஒரு நாற்காலியில் உட்காருவாள். அவள் பக்கத்தில் ஒருவன் இப்படி உட்கார்ந்திருந்தால் அவனை நீங்கள் என்ன சொல்வீர்கள்?

வேலை போனால் போகட்டும். பெட்டியைக் கட்டினால் இங்கேதானே வருவீர்கள். கதவு திறந்துதான் இருக்கிறது. ஆனால் சொல்லாமல் வந்தால் உங்களோடு என்ன பேசுவது என்று எனக்குத் தெரியவில்லை.

பாப்பாவின் அம்மா


ஜூன் 12

என் கண்ணுக்கு,

சொல்லிவிட்டேன்.

உன் கடிதம் எட்டாம் தேதி வந்தது. ஒன்பதாம் தேதி காலை வேலை தொடங்குமுன் மேடத்தின் மேஜை முன்னால் போய் நின்றேன். மலைச்சரிவில் பிரேக் பிடிக்காமல் போனபோதுகூட நான் இப்படிப் பயந்ததில்லை. "அந்தக் கேட் பாஸ் எண் தொழிற்சாலை குடுத்தது இல்ல மேடம். நான் போட்டது. போன வாரத்து எண்" என்றேன். அவருக்கு முதலில் புரியவில்லை. இன்னொரு தடவை சொன்னேன். புரிந்ததும் எழுந்துவிட்டார்.

"நாலு வாரம் அங்கிள்! நாலு வாரமா பக்கத்துல உக்காந்திருக்கீங்க! எங்க அப்பாகிட்டகூட, என்னோட வேலை செய்ற அங்கிள் ரொம்ப நல்லவர்னு சொல்லி வச்சிருக்கேன்!" என்றார். ஹால் முழுவதும் திரும்பிப் பார்த்தது. திட்டியதுகூட வலிக்கவில்லை. அப்புறம் மேஜையில் தலையைக் கவிழ்த்து அழுதார். என்ன செய்வது என்று தெரியாமல், தண்ணீர் பாட்டிலை நகர்த்தி வைத்தேன். அதைத் தள்ளிவிட்டார். தள்ளியது சரிதான்.

எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்துப் போட்டு மேலிடத்தில் கொடுத்துவிட்டேன். மேடத்துக்குக் கொடுத்த நோட்டீஸைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். என்னைத் தேர்வு எழுத விடமாட்டார்கள். ஐந்து மாதப் பயிற்சியும் செல்லாது. பயிற்சி ஏட்டில் ஒவ்வொரு பக்கத்திலும் குறுக்கே கோடு போட்டுத் தந்தார்கள். இரண்டு வழி சொன்னார்கள். வீட்டுக்குப் போகலாம். இல்லையென்றால் ஜூலையில் சேருகிற புதுக் குழுவோடு முதல் நாளிலிருந்து, இறக்குமிடத்திலிருந்து தொடங்கலாம். கோப்பில் கடைசி எச்சரிக்கை இருக்கும். திட்டப் பிரிவுக்கு எப்போது விடுவார்கள் என்று சொல்லமாட்டார்கள்.

போன தடவை உன்னைக் கேட்காமல் வந்தேன். இப்போது கேட்கிறேன். நான் என்ன செய்யட்டும்?

பெரிய அப்ரண்டிஸ்


ஜூன் 24

பாப்பாவின் அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு அழுதேன். பெருமையாக இருந்தது. யாரிடமும் சொல்லிக்கொள்ள முடியாத பெருமை, ஆனாலும் பெருமைதான்.

முதல் நாளிலிருந்து தொடங்குங்கள். இன்னும் பதினெட்டு மாதம் நானும் பாப்பாவும் பார்த்துக்கொள்கிறோம். அலுத்துக்கொள்வேன், சண்டை போடுவேன், அதையெல்லாம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் சொல்லிவிட்டீர்கள், நான் சொல்லாமல் இருந்தால் எப்படி? மேட்ரனிடம் சொன்னேன். அவர் "போய் வேலையப் பாரு" என்றார். டெய்லரிடமும் சொன்னேன். சனிக்கிழமை ஊசி குத்துவதற்கு முன்னால், "அன்னிக்கு தப்பா எழுதினது என் வீட்டுக்காரர்தாங்க" என்றேன். நீட்டியிருந்த கையை மடக்கிக்கொண்டார். சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். வேறு சிஸ்டர் வந்துதான் குத்தினாள். அடுத்த இரண்டு முறையும் அப்படித்தான். என் யூனிபார்மைப் பற்றிக்கூட ஒரு வார்த்தை கிடையாது. என்னைக் கிண்டல் செய்யமாட்டாரா என்று கட்டிலைச் சுற்றிச் சுற்றி வருகிறேன். டியூட்டியை மாற்றிக்கொள் என்றார்கள். நான் மாற்றிக்கொள்ளவில்லை.

இன்று அவரே சைகை காட்டிக் கூப்பிட்டார். காதைப் பக்கத்தில் கொண்டுபோனால்தான் கேட்கும். "அவரை வரச் சொல்லுங்க. நான் இங்க படுத்திருக்கிற நாலு மணி நேரம், பக்கத்துல உக்காரச் சொல்லுங்க" என்றார். எதற்கு என்று நான் கேட்கவில்லை. அவர் சொன்னதை அப்படியே எழுதிவிட்டேன். வர வேண்டாம் என்று ஒரு மனசு சொல்கிறது. அவர் என்ன கேட்பாரோ, நீங்கள் எப்படித் தாங்குவீர்களோ. வருவதும் வராததும் உங்கள் பாடு.

பாப்பாவின் அம்மா


ஜூலை 9

என் கண்ணுக்கு,

போன வாரம் நான் டெய்லர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நான்கு மணி நேரமும் நீ வார்டுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தாய் என்று கண்ணாடி வழியாகத் தெரிந்தது. பஸ் நிலையத்தில் கேட்டாய், என்ன பேசினார் என்று. வாயால் சொல்ல வரவில்லை. எழுதுகிறேன் என்றேன். இதோ.

முதல் மூன்று மணி நேரம் ஒன்றுமே பேசவில்லை. மிஷின் ஓடியது. குழாயில் ரத்தம் போவதும் வருவதுமாக இருந்தது. அந்த ஃபில்டரை அன்றுதான் முதல்முதலாகக் கண்ணால் பார்த்தேன். இத்தனை நாள் அது எனக்கு ஒரு எண். கை நீளம்கூட இல்லை, உள்ளே அவர் ரத்தம் சிவப்பாக நிறைந்திருந்தது. நான் எழுந்து ஓடிவிடுவேனோ என்று நாற்காலியைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

"மன்னிச்சிடுங்க" என்று ஆரம்பித்தேன். கையை ஆட்டி நிறுத்திவிட்டார். அப்புறம் அந்தக் காற்றுக் குரலில் கேட்டார். "அந்த எண்ணைப் போடும்போது யாரு ஞாபகம் வந்துச்சு?"

"என் வீட்டுக்காரி ஞாபகம் வந்துச்சுங்க. அவ ஆஸ்பத்திரி பேர் சிவப்பா இருந்துச்சு. பச்சையாக்கினா சந்தோஷப்படுவான்னு..."

"நானு?"

உன் கடிதத்தில் அவரைப் பற்றிப் படித்திருந்தேன். அவர் தையல், அவர் கிண்டல், மூன்றாம் கட்டில், எல்லாம் எனக்குத் தெரியும். என் மேஜை இழுப்பறையிலேயே அந்தக் கடிதம் இருந்தது. பொய் சொல்லியிருக்கலாம். அவருக்கு அது ஆறுதலாகக்கூட இருந்திருக்கும்.

"உங்க ஞாபகம் வரலீங்க" என்றேன்.

கண்ணை மூடிக்கொண்டார். மிச்ச நேரம் முழுவதும் அப்படியே படுத்திருந்தார். கண்ணோரம் ஈரம் வழிந்தது, துடைத்துவிடலாமா என்று கை போனது, இழுத்துக்கொண்டேன். மிஷின் நின்று ஊசி எடுக்க ஆள் வரும்போதுதான் கண்ணைத் திறந்தார். எனக்கு நேராகத் திரும்பி, "மூஞ்சியப் பாத்துக்க" என்றார். பார்த்தேன். இடது கண்ணில் சரியாகத் தெரியாது என்பதால் இன்னும் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்த்தேன். கன்னம் ஒட்டி, உதடு வெடித்து, மூன்று நாள் தாடி. நான் போதும் என்று நினைத்தபோதும் அவர் முகத்தைத் திருப்பவில்லை. அவர் திருப்பாததால் நானும் திருப்பவில்லை.

"சரி, போ" என்றார். அவ்வளவுதான். மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, மன்னிக்கமாட்டேன் என்றும் சொல்லவில்லை.

திங்கட்கிழமை புதுக் குழுவோடு இறக்குமிடத்தில் நின்றேன். பதினாலு பேர், எல்லோரும் பிள்ளைகள். காலை எட்டு மணிக்கு முதல் லாரி வந்தது. ஃபில்டர், இருபது பெட்டி. ஒவ்வொரு பெட்டியாகக் கையால் தொட்டு எண்ணிக்கொண்டிருந்தேன், பன்னிரண்டு ஆகியிருந்தது. பக்கத்தில் இருந்த பிள்ளை, "இருபதுதானே அங்கிள், சீட்டுல போட்டிருக்கே, எழுதிடலாமே" என்றான்.

"இரு, இன்னும் எட்டுப் பெட்டி இருக்கு" என்றேன்.

பெரிய அப்ரண்டிஸ்